ஒருசந்தியும் பினாங்கு மிஷினும்

அரிசியை அரைக்கலாம், உளுந்தை அரைக்கலாம். ஒரு பெண்பிள்ளையின் வைராக்கியத்தையும் மிஷினில் போட்டு அரைத்துத் தண்ணீராக்கிவிடலாம் என்று நம்பிய முட்டாள் இந்தச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிச்சமாகும்.

அறுபதுகளின் தொடக்கம். குன்றாண்டார்கோவில் பிளாக் ஆபீஸில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஊர் ஊராகச் சைக்கிளில் போய், மரத்தடியில் படச்சுருளைத் தொங்கவிட்டு, எதைத் தின்றால் உடம்பு தேறும் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கீரை, கேரட், முட்டை, நிலக்கடலை என்று வரிசையாகப் படங்கள். படம் எழுதிய புண்ணியவான் கேரட்டைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை போலிருக்கிறது. நல்ல சிவப்பில் தீட்டிவிட்டான். ஒரு ஊரில் முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து நின்று கேட்டாள்:

"ஏன் சார், இம்புட்டுப் பெரிய மொளகாயைப் பச்சையாவா திங்கச் சொல்றீங்க? மொதல்ல ஒங்க வீட்டம்மா திங்கிறாங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியின் பின்பாதி சைக்கிளின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஏனென்றால் என் வீட்டம்மா எதையுமே தின்பதில்லை. அவள் ஒருசந்தி.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஒருசந்தி என்றால், பகலில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு மற்ற நேரம் வயிற்றைக் காயப்போடுவது. விபூதிப் புதனில் நாற்பது நாள் தபசுக்காலம் தொடங்கிப் பாஸ்கு என்கிற ஈஸ்டர் வருகிற வரைக்கும் அவரவர் சக்திக்கு ஏற்ப இருப்பார்கள். என்னைப் போன்றவர்கள் பெரிய வெள்ளிக்கிழமை ஒருநாள் இருந்துவிட்டு, அன்று மாலையே ஊரெல்லாம் கேட்க ஏப்பம் விடுவோம். என் மனைவி அப்படியில்லை. தபசு முழுக்க, ஞாயிறு தவிர தினமும். அதற்கும் காரணம் நான்தான்.

எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. இனி இவன் தேறமாட்டான் என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போன சமயம். இவள் ஆவூர் மாதா முன்னால் முழங்காலில் நின்று, "இந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்தாப் போதும். எம் உசுரு உள்ள மட்டும் வருசா வருசம் தபசு பூராவும் ஒருசந்தி இருக்கேன்" என்று நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் இலை முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தொடங்கிய சாப்பாடு. உடம்பு உருண்டு திரண்டு, பிளாக் ஆபீஸ் நாற்காலி முனகுகிற அளவுக்கு வந்தது. பிழைத்தவன் தின்ன, வேண்டிக்கொண்டவள் பட்டினி. இந்த ஏற்பாட்டில் எனக்கு முதல் சில வருஷங்கள் குறையொன்றும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குறை தெரிந்தது எங்கள் மகள் பிறந்த பிறகுதான். பிரசவத்தில் இவளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தபசு வந்துவிட்டது. பச்சை உடம்புக்காரி விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, காலைக் காப்பியை என் பக்கம் தள்ளி வைத்தாள். நாலைந்து நாளில் மாடிப்படி இல்லாத வீட்டிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. குழந்தை பாலுக்கு அழுதது. புதுக்கோட்டைக்கு பஸ் ஏற்றி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா இவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். "கீரை, பேரீச்சம்பழம், கடலை, கேரட்டு. வாரத்துல ரெண்டு நாள் ஆட்டு ஈரல், சுவரொட்டி. பாஸ்கு முடிஞ்சு கூட்டிட்டு வாங்க. அப்பவும் இமை இப்படியே இருந்துச்சுன்னா, படுக்க வச்சு அடுத்தவங்க ரத்தத்தைத்தான் ஏத்தணும். பிள்ளைக்குப் புட்டிப்பால்தான்."

சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். தபசில் அதுவா! கசாப்புக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலத்தில்! இவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் கீரனூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன். அவர் இவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பால் குடுக்கிற தாய்க்கு ஒருசந்தி கிடையாதும்மா. சபை விதியே அப்படித்தான்."

"அது சபை விதி சாமி. இது நான் மாதாகிட்ட வாய்விட்டுச் சொன்னது."

"அதை நான் மாத்திக் குடுக்கலாமே. நீ கேட்டா."

"நான் கேக்கலையே சாமி" என்றாள் இவள். தலையைக் குனிந்து, மரியாதை குறையாமல்.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கோயில் கூரையைப் பார்த்தேன். அங்கே புறா ஒன்று கவலையில்லாமல் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

அன்று முதல் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஆபீஸில் நாற்காலியில் இருந்தால் கால் தானாக ஆடும். வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "கூண்டுல அடைச்ச கீரிப்பிள்ளை மாதிரி எதுக்கு அலையிறீங்க?" என்பாள் இவள், சுவரில் சாய்ந்துகொண்டு. அந்தச் சாய்வுதான் என்னை மேலும் அலைய வைத்தது. முன்னெல்லாம் அவள் எதிலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் பினாங்கிலிருந்து என் மனைவியின் தம்பி வந்து இறங்கினான். அங்கே ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலை. சென்ட் வாசனையும் பூப்போட்ட சட்டையுமாக வந்தவன், டிரங்குப் பெட்டியைத் திறந்து, அக்காவுக்குச் சேலை, எனக்கு டார்ச் லைட், குழந்தைக்குப் பொம்மை என்று எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக கம்பளியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். கிணற்று மோட்டாருக்குத் தம்பி மாதிரி கனத்த ஒரு இரும்புப் பெட்டி. அதன் தலைமேல் மாட்ட ஒரு கண்ணாடிக் கூஜா. கூஜாவின் அடியில், பார்த்தாலே விரலை மடக்கிக்கொள்ளத் தோன்றும் நாலு கத்திகள். மிக்ஸி என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. நாங்கள் மிஷின் என்றோம்.

"ஓட்டல்ல புதுசு வாங்கிட்டுப் பழசைத் தள்ளுனாங்க மச்சான். நான் ஏந்திக்கிட்டேன். வெள்ளைக்காரன் காலையில எலை, தழை, கெழங்கு எல்லாத்தையும் இதுல போட்டு அடிச்சு மடமடன்னு குடிச்சிட்டு டென்னிஸ் ஆடப் போறான். கெழட்டு வயசு, என்னா துள்ளு துள்ளுறான்!"

"தழை திங்கிற ஆடும் துள்ளத்தான் செய்யுது மாப்ளே."

"சிரிங்க சிரிங்க. பல்லுக்கு வேலையில்லே, வயித்துக்கும் வேலையில்லே. குடிச்ச மறுநிமிசம் ரத்தத்துல சேருதுன்னு எங்க தலைமைச் சமையக்காரன் சொல்றான்."

ரத்தம் என்றதும் என் காதில் மணி அடித்தது. குடிக்கிறான் என்றதும் இரண்டாவது மணி அடித்தது. ஒருசந்திக்காரர்கள் தண்ணீர் குடிக்கிறார்களே! மோர்கூடக் குடிக்கிறார்களே! குடிப்பது ஒருசந்தியை முறிக்காது என்றால், கீரையையும் கேரட்டையும் கடலையையும் குடிக்கிற மாதிரி ஆக்கிவிட்டால்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் பறந்தேன். நான் ஏதோ ஞானோபதேசத்தில் சந்தேகம் கேட்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சாமி, தண்ணி குடிச்சா ஒருசந்தி முறியுமா?"

"முறியாது."

"மோரு?"

"முறியாது."

"கொஞ்சம் கெட்டியா, கீரைச்சாறு மாதிரி?"

சாமியார் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஊத்துனா விழுறது குடிக்கிறது. அள்ளுனா வர்றது திங்கிறது. எதுக்குக் கேக்குறே?"

"சும்மாதான் சாமி. ஆத்துமத்துக்காக."

அன்று சாயங்காலம் வீட்டில் கச்சேரி தொடங்கியது. அவித்த முருங்கைக்கீரை, கேரட், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், தோல் நீக்கிய கடலை, ஒரு துண்டு வெல்லம், மேலே தண்ணீர். மச்சினன் மூடியைப் போட்டுப் பித்தானைத் தட்டினான். உர்ர்ர் என்று ஒரு சத்தம். கருங்கல் ஜல்லி ஏற்றிய லாரி மேட்டில் ஏற முடியாமல் திணறுகிற சத்தம். கூடத்து பல்பு மங்கியது. குழந்தை வீரிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கூஜாவுக்குள் கத்தி ஏதோ கோயில் தேர் மாதிரி நிதானமாகச் சுற்றியது.

"கரண்டு பத்தலை மச்சான்" என்றான் மச்சினன். "ஊர்ல உள்ள பல்பெல்லாம் இப்பத்தான் எரியுது."

எப்படியோ அரைபட்டதை டம்ளரில் ஊற்றினேன். ஊற்றினால் விழுந்தது, கொஞ்சம் யோசித்து யோசித்து. இவளிடம் நீட்டிச் சாமியாருடைய தீர்ப்பையும் சொன்னேன். இவள் டம்ளரை வாங்கினாள். கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து ஒரு கிண்ணத்தின் மேல் விரித்தாள். டம்ளரை அதில் கவிழ்த்தாள். துணியின் கீழே பச்சையாய்க் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. துணிமேல் ஒரு பிடி உருண்டை நின்றது.

"கீழ எறங்குனது குடிக்கிறது" என்று அந்தத் தண்ணீரைக் குடித்தாள். "மேல நிக்கிறது திங்கிறது. இந்தாங்க, தின்னுங்க."

சாமியாருடைய தீர்ப்புக்கு மேல் அப்பீல் கோர்ட்டாக ஒரு துணி இருக்கும் என்று நான் நினைத்தேனா? உருண்டையைத் தின்றேன். மறுநாளும் தின்றேன். அதற்கு மறுநாளும். முருங்கையும் கேரட்டும் கடலையும் பேரீச்சையும் ஒன்றாகச் சேர்ந்து என் உடம்பில் ஏறின. ஆபீஸில் ஒருத்தர், "என்ன சார், கன்னமெல்லாம் மினுமினுங்குது, மாமனார் வீட்டு விருந்தா?" என்று கேட்டார். நோயாளிக்கு வாங்கின மருந்தைக் குடித்து வைத்தியன் தேறிய கதை அது. இவளோ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு போனாள். துணியை அலசிக் கொடியில் போடும்போது துணி எது, கை எது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

துணியில் ஒன்றும் நிற்கக் கூடாது. அவ்வளவு நைஸாக அரைபட வேண்டும். அதற்கு மிஷின் முழு வேகத்தில் ஓட வேண்டும். முழு வேகத்துக்குக் கரண்டு வேண்டும். கரண்டு எங்கே இருக்கிறது? ரைஸ்மில்லில் இருக்கிறது! மறுநாள் காலையில் மிஷினைச் சைக்கிள் கேரியரில் கயிற்றால் கட்டி, கீரைப் பாத்திரத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினேன். மச்சினன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

மில்காரர் வெள்ளை பனியனும் வெள்ளை வேட்டியுமாக, அப்போதுதான் சாமி கும்பிட்டு, விபூதி பூசி, கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்! சைக்கிள்ல என்ன, அம்மனைத் தூக்கிட்டு வாரீங்களா?"

"இல்லேண்ணே. கொஞ்சம் கரண்டு வேணும். வீட்டுல மெலிஞ்சு வருது."

"வீட்டுல மெலிஞ்சதா?" அவர் என் வயிற்றைப் பார்த்தார். "ஒங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே. சரி சரி, இங்கிட்டு வைங்க. டிரான்ஸ்பார்மர் பக்கத்துலயே இருக்கு, கரண்டு சுளையா வரும்."

நெல் அரைக்க வந்தவர்கள் எல்லாம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். எனக்குத்தான் நாலு பேர் கூடிவிட்டால் நாக்கில் படச்சுருள் விரிந்துவிடுமே. கீரையில் இரும்புச் சத்து, கேரட்டில் கண்ணுக்குச் சத்து என்று பேசிக்கொண்டே எல்லாவற்றையும் கூஜாவில் கொட்டினேன். "மச்சான், மூடி..." என்றான் மச்சினன். "தெரியும்டா" என்று பித்தானைத் தட்டினேன்.

வீட்டில் தேராக நகர்ந்தது இங்கே விமானமாகக் கிளம்பியது. மூடி எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். திறந்தபோது மில் பச்சையாக இருந்தது. மில்காரருடைய பனியன் பச்சை, விபூதி பச்சை, சுவரில் முருகன் படத்தில் மயிலுக்குப் பக்கத்தில் முருகனும் பச்சை. என் மூக்கிலிருந்து ஒரு சொட்டு பேரீச்சைச் சாறு விழுந்தது.

மில்காரர் மெதுவாக மீசையை நக்கிப் பார்த்தார்.

"உப்பு பத்தலை சார்" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷர். இரண்டாவது தடவை மூடியை மச்சினன் இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்ள, அவரே பித்தானைப் போட்டார். கூஜாவில் சுழி விழுந்து, கீரை எது கேரட் எது என்று தெரியாமல், பட்டுத் துணியை உருக்கி ஊற்றின மாதிரி ஒன்று வந்தது. தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக மிதித்ததில்லை. பச்சை முகத்தோடு ஒருத்தன் இப்படிப் பறக்கிறானே என்று வரப்பில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இவள் துணியை விரித்தாள். வாளியைச் சாய்த்தாள். எல்லாம் இறங்கியது. துணியின் மேல் பச்சைக் கறை தவிர ஒன்றுமில்லை. அவள் துணியை ஒரு தடவை விரலால் வழித்துப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், அப்புறம் குடித்தாள். முழுக் கிண்ணமும். எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன். மச்சினனும் குதித்தான்.

மத்தியானம் சாப்பாட்டு வேளை. நான் இலை போட்டு உட்கார்ந்து, "வா, நீயும் உக்காரு. இதுதானே ஒனக்கு ஒரு வேளை?" என்றேன்.

"எனக்கு ஆயிருச்சு."

"எது ஆயிருச்சு?"

"காலையில குடிச்சதுல வயிறு நெறைஞ்சு போச்சுங்க. பசியாறிட்டா அது சாப்பாடுதானே? இன்னைக்கு ஒருசந்திச் சாப்பாடு முடிஞ்சது."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. ரைஸ்மில் வரைக்கும் போய், ஊரையே பச்சையாக்கி, நான் சாதித்தது என்ன? அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே வேளைச் சோற்றையும் பறித்துவிட்டேன். அரைத்தது கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் சோறாவது மிஞ்சியிருக்கும்!

அன்று தாங்க முடியாத பங்குனி வெயில். நான் கூடத்தில் நடந்தேன், வாசலில் நடந்தேன், கொல்லையில் நடந்தேன். மச்சினன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, தலையை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், தெரியாமத்தான் கேக்குறேன். அக்கா யாருக்காக இந்த ஒருசந்தி இருக்குது?"

"எனக்காகத்தான்."

"அப்ப நீங்க இருந்தா என்ன?"

நான் நின்றேன். இத்தனை நாள் அலைந்ததில் இந்த ஒரு மூலைக்கு மட்டும் நான் போகவே இல்லை. கீரையை யோசித்தேன், கரண்டை யோசித்தேன், என் வயிற்றை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் என் வயிற்றுக்கும் சம்மதம் இருந்திருக்க வேண்டும்.

சாமியாரிடம் போனேன். இந்தத் தடவை ஆத்துமத்தை இழுக்காமல் நேரே கேட்டேன். "கடனை ஏத்துக்க ஆள் வந்தா மாதா வேணாம்பாளா?" என்றார் அவர். "ஆனா நேர்ந்தவ சம்மதிக்கணும். நீயும் நெசமா இருக்கணும். ஊத்துனா விழுற வேலையெல்லாம் வேணாம்."

இவளிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். குழந்தை பிறந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "நீங்களா? பூசை முடியிறதுக்குள்ள பசிக்குதும்பீங்க." நான் சிரிக்கவில்லை என்று கண்டபின் அவளும் நிறுத்தினாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரி. நீங்க நெசமா இருக்கிற வரைக்கும் நான் சாப்பிடுறேன். நடுவுல முறிச்சீங்கன்னா நான் திரும்ப எடுத்துக்குவேன். அந்த மிஷின் தண்ணியும் ஒங்களுக்கு ஆகாது."

அன்று சாயங்காலம் அவள் சோறு சாப்பிட்டாள். மறுநாள் காலையில் ஒரு டம்ளர் மிஷின் சாறு, பிறகு இட்லி, மத்தியானம் சோறும் கீரையும், இடையில் இன்னொரு டம்ளர். தினமும் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவரும் மிஷினுக்கென்று மில்காரர் காலை நேரத்தில் ஒரு ஸ்டூலே ஒதுக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது என்பதால் அன்றைக்கு மட்டும் ஈரலுக்கும் சாமியாரிடம் அவளே போய் உத்தரவு கேட்டு வந்தாள். அவள் கேட்டாள்! நான் அதற்காகவே இன்னும் இரண்டு தபசு இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மறுநாள் காலை பதினொரு மணி வரைக்கும் இருந்தது.

பசி என்பது இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய் உணவைப் பற்றிப் பேசுகிற உத்தியோகம். படத்தில் முட்டையைக் காட்டினால் நாக்கில் ஊறுகிறது. கடலையைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. "சார் எம்புட்டு உருக்கமாச் சொல்றாரு" என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முன்பெல்லாம் என் பேச்சில் கொட்டாவி விட்ட ஊர்கள் அவை. ஆபீஸ் டீக்கடையில் வடை சுடும் சத்தம் எனக்கு மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

ஒரு நாள் என் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்த பிறகும் பசி தாங்க முடியவில்லை. இவள் குழந்தையோடு குளத்துக்குப் போயிருந்தாள். மச்சினன் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். அடுப்படியில் மத்தியானச் சோறு ஆறியிருந்தது, ரசம் இருந்தது, உருளைக்கிழங்குப் பொரியல் இருந்தது. கையால் எடுத்துத் தின்றால் திருட்டு. ஆனால் ஊற்றினால் விழுகிறதே! சோறு, ரசம், பொரியல் எல்லாவற்றையும் கூஜாவில் கொட்டினேன். மூடியை மறக்காமல் அமுக்கிக்கொண்டு பித்தானைத் தட்டினேன்.

பகல் நேரத்தில் வீட்டிலும் கரண்டு சுளையாக வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சத்தம் குன்றின் மேல் பட்டுத் திரும்பி வந்தது. திருடப் போனவன் தமுக்கடித்துக்கொண்டு போன மாதிரி ஆயிற்று. நிறுத்துகிற பித்தானைத் தேடுவதற்குள் தெருவே வாசலில் நின்றது. கூட்டத்துக்குப் பின்னால், இடுப்பில் ஈரத்துணி, தோளில் குழந்தையோடு இவள்.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூஜாவை எட்டிப் பார்த்தாள், துணியைக் கொடியில் உலர்த்தினாள், குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். சாயங்காலம் அவளுக்காக எடுத்து வைத்த தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். நான் அதில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அது நிஜமும்கூட. சத்தத்தில் பயந்து பசியே போய்விட்டது.

"குடிக்கலைன்னா என்ன? குடிக்கத்தானே அரைச்சீங்க" என்றாள்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. குழந்தை இரண்டு தடவை பாலுக்கு அழுதது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு அழுகையையும் கேட்டேன். நான் தமாஷ்க்காரன்தான். ஆனால் அந்தச் சத்தத்தை வைத்து ஒரு தமாஷும் எனக்குத் தோன்றவில்லை. விடிந்ததும் அவள் எழுந்திருக்கும் முன்னால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, "இன்னைக்கு மொதல்லேருந்து" என்றேன். அவள் கவிழ்த்த தட்டை நிமிர்த்தினாள்.

அதற்குப் பிறகு நான் முறிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முறிப்பதற்கு என்னிடம் தெம்பே இல்லை. இடுப்பில் வேட்டி நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டேன். சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போனேன். மில்காரர், "சார், மிஷின்ல தவறி ஒங்களைப் போட்டு அரைச்சிட்டமா?" என்று கேட்டார். வீட்டில் இவள் எதிலும் சாய்ந்துகொள்ளாமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் கண்ட இடத்தில் சாய்ந்துகொண்டேன்.

பாஸ்கு முடிந்த வாரம் புதுக்கோட்டைக்குப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசை நகர நகர எனக்கு மறுபடியும் கால் ஆட ஆரம்பித்தது. இவள் உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். டாக்டரம்மா அவள் இமையை இழுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மற்ற இமையையும் இழுத்தார்.

"பரவாயில்லையே. நல்லாச் செவந்திருக்கு" என்றார். "ரத்தமெல்லாம் ஏத்த வேணாம். தாய்ப்பாலே குடுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

அவ்வளவுதான். எனக்குள் படச்சுருள் விரிந்துவிட்டது. பினாங்கு, நாலு கத்தி, முருங்கை, கரண்டு, டிரான்ஸ்பார்மர் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் எழுந்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் என் இமையை இழுத்துப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து ஒரு சீட்டில் மருந்து எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் நிழலில் நின்றோம். குழந்தை பால் குடித்துவிட்டு அவள் தோளில் தூங்கியது. எனக்கு ஒரு பலகாரக் கடை கண்ணில் பட்டது, அதோடு ஒரு பயமும் வந்தது. அவள் நேர்ந்தது உயிருள்ள மட்டும், வருஷா வருஷம். இப்போதுதான் அவள் தேறிவிட்டாளே. நான் குரலை மெதுவாக்கிக்கொண்டு, பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஆமா, அடுத்த வருசம் தபசுக்கு, நீ திரும்ப எடுத்துக்குவேல்ல?"

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பொழைச்சது நீங்கதானே?"